சுங்கை சிப்புட்டு மாடி லாயர் ஆபிஸ்: அப்பீல் போடப் போனேன், போடாமயே எறங்கி வந்தேன்

சாப்பாட்டு கடைக்கு, கைபோன் கடைக்கு, காடி வாஷ் கடைக்கெல்லாம் ரிவியூ எழுதுறாங்க, லாயர் ஆபிஸுக்கு யாரும் எழுத மாட்டேங்கறாங்க, ஏன்னா அங்க போனோம்னு சொல்லவே நம்மாளுங்களுக்கு வெக்கம், கோர்ட்டு கேஸுன்னா எதோ தப்பு பண்ணிட்டோம்னு ஊரு நெனைக்கும். எனக்கு அந்த வெக்கம் இல்ல, நான் தப்பு பண்ணல, எனக்கு காசு தரவேண்டியவன்தான் பண்ணான். அதனால எழுதுறேன். ஆபிஸ் பேரு போடல, லாயர் மேடம் போடாதீங்கண்ணேன்னு சொல்லிட்டாங்க, எங்க ஊரு சுங்கை சிப்புட்டுல (மலேசியா, ஈப்போ பக்கம்) கேட்டா யாரும் கைய காட்டுவாங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு பின்னாடி வரும்.

முதல்ல என் கதை, இல்லன்னா சர்வீஸ் எப்படின்னு புரியாது.

நான் பெக்கோ மெஷின், மண்ணு தோண்டுற மெஷின், வாடகைக்கு விடுறவன். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, பழசு, பேங்குக்கு கட்டி முடிச்சது, அதான் என் சொத்து. எஸ்டேட்டுல கான் (தண்ணி ஓடற வடிகால்) வெட்ட, ரோடு போட, செம்பனை திரும்ப நடறதுக்கு முன்னாடி பழைய மரத்த சாய்க்க, இதுக்கெல்லாம் விடுவேன். ஊருக்கு வெளிய ஒரு செம்பனை கம்பெனி, ஒரு வருஷ அக்ரிமெண்டு, மாசம் 9,000 வெள்ளி (ரிங்கிட்), ஆளு என்னோடது எண்ணெ அவங்களோடது. முதல் ஆறு மாசம் ஒழுங்கா குடுத்தாங்க, அப்புறம் இன்னிக்கு நாளைக்கு, கிராணி (கிளார்க்கு) லீவு, சாப் (முத்திரை) வைக்க மானேஜர் இல்ல, இப்படியே ஆறு மாசம் ஓடிப்போச்சு. மொத்தம் 54,000 வெள்ளி நிக்குது.

அப்பவே மச்சான் சொன்னாரு, 466 நோட்டீஸ் போடுன்னு. 2016 கம்பெனி சட்டத்துல 466வது பிரிவு, கடன கேட்டு நோட்டீஸ் குடுத்தா 21 நாளுக்குள்ள கட்டணும், கட்டலன்னா கம்பெனிய மூடச்சொல்லி கோர்ட்டுக்கு போலாம். முன்னாடி 10,000 வெள்ளி கடன் இருந்தாலே போதும், இப்ப 50,000க்கு மேல இருக்கணும். என்னோடது மயிரிழைல தாண்டுச்சு. போட்டேன். 19ஆவது நாளு ஒரு லெட்டர் வருது, இங்கிலீஷ்ல, நாலு பக்கம். கம்பெனி ஈப்போ ஐகோர்ட்டுல ஜுடிஷியல் மேனேஜ்மெண்டுக்கு மனு போட்டாச்சு, யாரும் கைய வைக்கக்கூடாதுன்னு. ஜுடிஷியல் மேனேஜ்மெண்டுன்னா, சுருக்கமா ஜேஎம், கடன்ல மூழ்கற கம்பெனிய மூடாம, கோர்ட்டு போடற ஒரு மேனேஜர் கைல குடுத்து காப்பாத்தப் பாக்கறது.

அன்னிக்கு சாயங்காலமே லோ லோடர் லோரிய வாடகைக்கு எடுத்துக்கிட்டு மெஷின தூக்கிட்டு வரலாம்னு போனேன். கேட்டுல ஜாகா (காவல்காரன்) நிக்கறான், புது ஆளு, நேப்பாளி தம்பி, பாவம் மூஞ்சியே ஒரு மாதிரி ஆயிடுச்சு, "பாஸ் தக் பாகி கெலுவார், அங்கிள்" அப்படிங்கறான், வெளிய எடுக்க பாஸ் விடமாட்டாருன்னு. என் மெஷின் அங்கேருந்து ஒரு முப்பது அடில நிக்குது, பக்கெட்டுல மழைத்தண்ணி நெறஞ்சு கெடக்கு, என் பேரு பெயிண்டுல எழுதினது நல்லாவே தெரியுது. லோ லோடர்க்காரனுக்கு 600 வெள்ளி குடுத்து வெறுமன அனுப்பிச்சேன்.

அப்பத்தான் தப்பு நடந்துச்சு. ஈப்போல ஒருத்தர், லாயர் இல்ல, "கன்சல்டன்ட்டு", கார்டுல சின்னதா தராசு படம் போட்டிருந்தாரு, அதப் பாத்து ஏமாந்தேன். லெட்டர ஒரு தடவ புரட்டிட்டு, "இது இன்டரிம் ஆர்டர் பாஸ், அப்பீல் போட்டா ஒடச்சிரலாம், புத்ராஜெயா வரைக்கும் நம்ம ஆளு இருக்காங்க" அப்படின்னாரு. இன்டரிம்னா தற்காலிகம், புத்ராஜெயாலதான் அப்பீல் கோர்ட்டு இருக்கு. மொத்தம் 7,000, முன்பணம் 800. குடுத்தேன். ரசீதும் இல்ல. நம்ம நாட்டுல லாயர் லைசென் இல்லாம லாயர் வேல பாக்கறதே குத்தம், 1976லயே அதுக்கு சட்டம் இருக்கு, இதெல்லாம் எனக்கு அப்புறந்தான் தெரியும். யாராச்சும் லாயர்னு சொன்னா பார் கவுன்சில் வெப்சைட்டுல பேரத் தட்டிப் பாருங்க, இருந்தா வரும், ரெண்டு நிமிஷ வேல. 800 வெள்ளி மிச்சம்.

பத்து நாளு போன் எடுக்கல. அப்பத்தான் எங்க ஊரு மேடம்கிட்ட போனேன்.

ஆபிஸ் ஒரு பழைய கடைவீட்டு மாடில. கீழ சாமி சாமான் கடை, ஊதுவத்தி வாசனையோட மேல ஏறணும், படி செங்குத்தா இருக்கும், முட்டிவலி உள்ளவங்க கைப்பிடிய விடாதீங்க. உள்ள நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மூல சுவத்துல ஏர்கோன், அதுக்கு கீழ ஒரு செவப்பு வாளி, அதுல சொட்டு சொட்டா தண்ணி விழுது. ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன், அந்த சத்தத்தையே எண்ணிக்கிட்டு. கிராணி அக்கா கோப்பி குடிக்கறீங்களான்னு கேட்டாங்க, சரின்னேன், கடைசி வரைக்கும் வரல.

உள்ள போனதும் மேடம் முதல்ல கேட்டது என்ன தெரியுமா, "ஆர்டர் எங்கண்ணே?"

நான் லெட்டர நீட்டுனேன். பாத்தாங்க, திருப்பிப் பாத்தாங்க, மேசைல வச்சாங்க. "இது ஆர்டர் இல்லண்ணே, மனு போட்டாச்சுன்னு சொல்ற லெட்டர். இதுல ஜட்ஜு ஒண்ணுமே சொல்லல, ஜட்ஜு இத இன்னும் பாத்தாரான்னே தெரியாது."

அப்ப என் மெஷின எவன் நிறுத்தி வச்சான்னு எனக்கு கோவம் வந்துருச்சு. சட்டந்தாண்ணே நிறுத்துதுன்னாங்க. கம்பெனி ஜுடிஷியல் மேனேஜ்மெண்டுக்கு மனு போட்ட நிமிஷத்துலேர்ந்து, அந்த மனுவுக்கு முடிவு வர்ற வரைக்கும், கம்பெனிய மூடச்சொல்லி ஆர்டர் போட முடியாது, அடமானத்த பிடிக்கறதோ புதுசா கேஸ் போடறதோ போட்ட கேஸ ஓட்டுறதோ கோர்ட்டு அனுமதி இல்லாம முடியாது, தவணைல குடுத்த சாமான், வாடகைக்கு விட்ட சாமான், காசு கட்டற வரைக்கும் என் பொருள்னு எழுதிக் குடுத்த சாமான், எதையும் அந்த அனுமதி இல்லாம திரும்ப எடுக்க முடியாது. யாரும் உத்தரவு போட வேணாம், தானா வந்துரும்.

எனக்கு ஏறலன்னு என் மூஞ்சில தெரிஞ்சிருக்கும் போல. அவங்க அப்பா பால்மரம் வெட்டுனவராம், அதனால அந்த வழியிலயே வந்தாங்க. "தோட்டத்துல காலைல மழ பேஞ்சா என்ன ஆகும்ணே? வெட்டு நிக்கும். மண்டோர், அந்த மேஸ்திரி, சொல்லியா நிக்குது? மரம் நனஞ்சா நிக்கும், அவ்வளவுதான். நீங்க மழ மேல அப்பீல் போடுவீங்களா? மானேஜர்கிட்ட போயி, ஐயா மழை, எனக்கு புல்லு வெட்டுற வேலையாச்சும் குடுங்கன்னுதான் கேப்பீங்க."

அப்பீல் போட ஒரு முடிவு வேணும். முடிவே இல்லாத எடத்துல அப்பீல் எங்கேர்ந்து வரும். அந்த ஈப்போ ஆளு என்கிட்ட 7,000 வெள்ளிக்கு வித்தது மழைக்கு அப்பீலு.

பின்ன என்ன பண்றதுன்னேன், "லீவ் கேக்கணும்"னாங்க. நான் என்ன கவர்மெண்டு வேலையா பாக்கறேன் லீவ் கேக்கன்னு நெனச்சேன், சொல்லியும் தொலச்சேன், மேடம் சிரிச்சிட்டாங்க. லீவ்னா கோர்ட்டு அனுமதியாம். இந்த கேஸுல இந்த ஆளுக்கு மட்டும் கேட்ட தொறந்து விடுங்கன்னு அதே ஈப்போ ஐகோர்ட்டுல கேக்கறது. புத்ராஜெயாவுக்கு போகவே வேணாம்.

இவ்வளவு நல்லா சொன்னாங்களேன்னு சும்மா இருந்திருக்கலாம், ஆனா 800 வெள்ளி வயித்துல எரியுது, அதனால விடாம கேட்டேன், சரி மேடம், நாளைக்கே நெசமாவே ஒரு ஆர்டர் வருது, தற்காலிக ஆர்டர், அப்ப அப்பீல் போடலாமா கூடாதான்னு. காலண்டர் தாள கிழிச்சு பின்பக்கம் எழுதி எழுதிக் காட்டுனாங்க, அந்த தாளு இன்னும் என் காடி டேஷ்போர்டுல கெடக்கு, அதப் பாத்துத்தான் எழுதுறேன். தப்பு இருந்தா என் தப்பு, அவங்களோடது இல்ல.

ஐகோர்ட்டு போடற சிவில் ஆர்டர் மேல அப்பீல் கோர்ட்டுக்கு போலாம்னு 1964 நீதிமன்றச் சட்டம் பொதுவா கதவ தொறந்துதான் வச்சிருக்கு, 67வது பிரிவு. ஆனா அதே சட்டத்துல "முடிவு"ன்னா என்னன்னு 3வது பிரிவுல விளக்கம் இருக்கு, அதுல 1998ல ஒரு வரி சேத்தாங்க: விசாரணை நடக்கும்போது நடுவுல ஜட்ஜு சொல்ற ரூலிங், கட்சிக்காரங்களோட உரிமைய முழுசா முடிச்சு வைக்காததுன்னா, அது "முடிவு" கணக்குல வராது. ஏன் சேத்தாங்கன்னா, எல்லாத்துக்கும் அப்பீல் போட்டே கேஸ இழுக்கறாங்க, தள்ளி வைக்கமாட்டேன்னா அப்பீல், அந்த சாட்சி வேணாம்னா அப்பீல், மெயின் கேஸ் பத்து வருஷம் தூங்கும். ஜேஎம் மனு விசாரணைல நான் தேதி தள்ளி கேட்டு ஜட்ஜு முடியாதுன்னாருன்னு வைங்க, இல்ல நான் லேட்டா குடுத்த அஃபிடவிட்ட (சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கறது) எடுத்துக்க மாட்டேன்னாருன்னு வைங்க, அதுக்கு தனியா அப்பீல் ஓடாது, மொத்த முடிவும் வந்தப்புறம் அதோட சேத்துதான் சொல்லணும்.

ஆனா "தற்காலிகம்"ங்கற பேரு இருக்கறதுனாலயே அப்பீல் இல்லன்னு அர்த்தம் இல்லையாம், இத மேடம் ரெண்டு தடவ கோடு போட்டுக் காட்டுனாங்க. இன்ஜங்ஷன் (இதச் செய்யாதேன்னு கோர்ட்டு போடற தடை) தற்காலிகந்தான், ரெண்டு பக்கமும் பேசி ஜட்ஜு குடுத்த இன்ஜங்ஷன் மேல அப்பீல் கோர்ட்டு எத்தனையோ தடவ கேட்டிருக்கு. அந்த மனுல கேட்டத குடுத்தாரா இல்லையான்னு முடிஞ்சிருச்சு பாருங்க, அதான் வித்தியாசம். பேருல இல்ல, அது எத முடிச்சு வைக்குதுங்கறதுல இருக்கு.

அப்புறம் அதே சட்டத்துல 68வது பிரிவு வேலி. விவகாரத்தோட மதிப்பு 250,000 வெள்ளிக்கு கீழன்னா அப்பீல் கோர்ட்டு அனுமதி வாங்கணும். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வாங்குன ஆர்டருக்கு அப்பீல் இல்ல. 2022 அக்டோபர் 1லேர்ந்து இன்னும் கொஞ்சம் வேலி ஏத்திட்டாங்க, சம்மரி ஜட்ஜ்மெண்டு (முழு விசாரணை இல்லாம தீர்ப்பு) கேட்டு தள்ளுபடி ஆனா, ஸ்டிரைக் அவுட் (கேஸயே தூக்கிப் போடுங்கன்னு) கேட்டு தள்ளுபடி ஆனா, அதுக்கு மேல அப்பீல் இல்ல, கேஸ நடத்துங்கப்பான்னு அர்த்தம். என் 54,000க்கு அந்த 250,000 வேலி வருமா மேடம்னு கேட்டேன். "இது காசு கேக்கற கேஸ் இல்ல, கம்பெனிய காப்பாத்தற மனு, அதுக்கு மதிப்பு எத வச்சு போடறதுங்கறதே வாதம், உங்களுக்கு நான் கேரண்டி குடுக்க மாட்டேன்"னாங்க. முதல் தடவ ஒரு லாயர் கேரண்டி இல்லன்னு சொல்லி நான் சந்தோஷப்பட்டேன்.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. நான் ரெண்டாவது தடவ போறதுக்குள்ள கம்பெனி அவசரம்னு சொல்லி, எங்கள யாரையும் கூப்புடாமலே, இடைக்கால ஜுடிஷியல் மேனேஜர் ஒருத்தர போட்டுக்கிட்டாங்க. இப்ப இது நெஜ ஆர்டர், ஜட்ஜு கையெழுத்து இருக்கு. நான் துள்ளி குதிச்சேன், இப்ப அப்பீல் போடலாம்ல மேடம்னு.

இதுக்கும் இல்லன்னாங்க, முதல்ல இல்லன்னாங்க. ஒரு பக்கம் மட்டும் கேட்டு போட்ட ஆர்டருக்கு, போட்ட அதே ஜட்ஜுகிட்ட போயி, ஐயா நாங்களும் இருக்கோம், எங்க கதையையும் கேளுங்க, ரத்து பண்ணுங்கன்னு சொல்றதுதான் முறை, அவரு நம்ம வார்த்தையவே கேக்காதப்ப மேல உள்ளவங்க எத வச்சு தப்புன்னு சொல்லுவாங்க. இன்ஜங்ஷனுக்குன்னா இதுக்கு தேதியே இருக்கு, 2012 கோர்ட்டு ரூல்ஸ்ல, ஒரு பக்கம் கேட்டு குடுத்த இன்ஜங்ஷன் 21 நாளுல தானா செத்துரும், 14 நாளுக்குள்ள ரெண்டு பக்கத்தையும் கூப்புட்டு கேக்கணும். அது இன்ஜங்ஷனுக்கு எழுதுன ரூலு, இடைக்கால மேனேஜருக்கு அப்படியே ஒட்டும்னு நான் சொல்லலன்னு அதையும் சேத்து சொன்னாங்க, இவங்க எதையும் அர கொறையா சொல்ல மாட்டாங்க, அதனாலதான் ஒரு கேள்விக்கு இருபது நிமிஷம் ஆகுது, வெளிய காத்திருக்கறவன் ரெண்டு மணி நேரம் வாளிய பாக்கறான்.

கடைசியா விசாரிச்சு முடிச்சு ஜேஎம் ஆர்டர குடுத்தாலோ தள்ளுனாலோ அப்பத்தான் அப்பீல் சுத்தமா நிக்கும். 30 நாளுக்குள்ள நோட்டீஸ் போடணும். ஆனா இங்கதான் என் ஆசைல மண்ணு விழுந்துச்சு. அப்பீல் போட்டா கீழ உள்ள ஆர்டர் நிக்காது. அதே 1964 சட்டத்துல 73வது பிரிவு, அப்பீல் போட்டது மட்டுமே ஸ்டே (நிறுத்தி வைக்கறது) ஆகாது, ஸ்டே தனியா கேக்கணும், விசேஷ காரணம் காட்டணும். ஜேஎம் ஆர்டரோ முதல்ல ஆறு மாசம், அப்புறம் நீட்டிக்க கேக்கலாம். நீங்க அப்பீல் ரெக்கார்டு தயார் பண்ணி, தேதி வாங்கி, புத்ராஜெயால போயி நிக்கறதுக்குள்ள அந்த ஆறு மாசம் பாதி போயிருக்கும், மேனேஜர் பாதி சாமான வித்திருப்பாரு. அதோட ஜட்ஜு தன் விருப்ப அதிகாரத்த வச்சு முடிவு பண்ணதுல மேல் கோர்ட்டு சும்மா கைய வைக்காது, நானா இருந்தா வேற மாதிரி பண்ணியிருப்பேன்னு சொல்லி மாத்த முடியாது, ஜட்ஜு சட்டத்தயே தப்பா புரிஞ்சுக்கிட்டாரு, இல்ல பாக்கவேண்டியத பாக்கவே இல்லன்னு காட்டணும், இது லண்டன்ல 1982ல முடிஞ்ச ஹேட்மோர் கேஸ்லேர்ந்து வர்ற பேச்சாம். அப்பீல் கோர்ட்டுக்கு மேல ஃபெடரல் கோர்ட்டு, அங்க 96வது பிரிவுல அனுமதி வாங்கித்தான் உள்ளயே நுழையணும்.

"போடலாமான்னா சில எடத்துல போடலாம்ணே. போட்டு உங்களுக்கு என்ன கெடைக்கும்னு கேளுங்க. உங்களுக்கு வேண்டியது மெஷினா, தீர்ப்பா?"

மெஷின்தான் மேடம்னேன்.

ஒரு விஷயம் இங்க சொல்லணும், மெட்ராஸ்ல எங்க சித்தி பையன் ஒருத்தன் வாட்சப்புல "அண்ணே கவலப்படாத, 30 நாள்ல என்சிஎல்ஏடில அப்பீல் போடு, மிஞ்சிப்போனா இன்னும் 15 நாள் கேக்கலாம்"னு வாய்ஸ் மெசேஜ் போட்டுருந்தான், நான் அதையும் மேடமுக்கு போட்டுக் காட்டுனேன். அது இந்தியா சட்டம்ணே, 2016 திவால் சட்டம், அங்க இதுக்குன்னே தனி தீர்ப்பாயம், அதுக்கு மேல தனி அப்பீல் தீர்ப்பாயம், தம்பி சொன்னது அந்த ஊருக்கு சரி, நமக்கு அந்த பஸ்ஸு இங்க வராதுன்னாங்க. அதனால யூடியூப்ல தமிழ்ல சட்டம் சொல்றவங்கள பாத்துட்டு இங்க வந்து சண்ட போடாதீங்க, நெறைய அந்த நாட்டு சட்டம், நானே ரெண்டு ராத்திரி தூங்காம பாத்தேன்.

மச்சானையும் இழுத்துக்கிட்டு போனேன் ஒரு நாளு, அவருக்கு வேற கம்பெனி, உரம் சப்ளை பண்ணி மாட்டிக்கிட்டாரு. அவரு லெட்டரையும் என் லெட்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, "உங்களோடது ஜேஎம், அவரோடது 368, ரெண்டும் ஒண்ணு இல்ல"ன்னாங்க. 368ன்னா அதே கம்பெனி சட்டத்துல 368வது பிரிவு, கடன்காரங்களோட சமரசத் திட்டம் போடறோம், அதுவர யாரும் கேஸ் போடாதீங்கன்னு கோர்ட்டுல தடை வாங்கறது. அதுல ஜட்ஜு குடுக்கற தடை மூணு மாசம் வரைக்கும், நிபந்தனையெல்லாம் சரியா இருந்தா இன்னும் ஒம்பது மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம், அதுக்கு கடன் மதிப்புல பாதிக்கு கொறையாதவங்களோட திட்டம் பேசியிருக்கணும், கணக்கு காட்டணும். முன்னாடி அங்க தானா வர்ற மழை கெடையாது, ஆர்டர் இருந்தாத்தான் தடை, 2024 ஏப்ரல் 1லேர்ந்து அதுலயும் மனு போட்ட ஒடனே ரெண்டு மாசம் வரைக்கும் தானா தடை வந்துருச்சு. மச்சானோட கம்பெனி ஆர்டரே வாங்கிட்டான், அதனால அவருக்கு ரத்து பண்ணச் சொல்லி கேக்கவும், நீட்டிக்கும்போது எதுக்கவும், அப்பீல் யோசிக்கவும் வழி இருக்கு, என் மெஷின நிறுத்துன தடை தானா வந்தது, அதுக்கு அந்த வழி இல்ல. லெட்டர் ரெண்டும் பாக்க ஒண்ணு போலவே இருந்துச்சு, அதே இங்கிலீஷு, அதே நாலு பக்கம்.

என் வேலைக்கு வரேன். மேடம் கோர்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி இடைக்கால மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதலாம்னாங்க, 350 வெள்ளி. அக்ரிமெண்டு காப்பி, மெஷின் கெரண்டு (பதிவுச் சீட்டு), சீரியல் நம்பர் போட்டோ, நான் கேட்டுக்கு வெளியேர்ந்து ஜூம் பண்ணி எடுத்த படம், எல்லாம் வச்சு. வெசயம் ரொம்ப எளிமை: மெஷின் எங்களோடது, எடுக்க விடுங்க, இல்ல வச்சு வேல வாங்குறீங்கன்னா வாடகை குடுங்க, ரெண்டும் இல்லன்னா கோர்ட்டுல அனுமதி கேப்போம், செலவும் உங்ககிட்டயே கேப்போம். ஒண்ணரை பக்கந்தான். அந்த லெட்டர மலாய்லயும் எனக்கு ஒருக்கா படிச்சு காட்டுனாங்க.

மூணு வாரம் பதில் இல்ல. நடுவுல ஜேஎம் மனு விசாரணை வந்துச்சு. இங்கதான் அந்த ஒரு ஸ்டார் போனது. மேடம் ஆபிஸ்லேர்ந்து பத்து மணி விசாரணைன்னு மெசேஜ் வந்துச்சு, நான் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, ஈப்போ ரயில் ஸ்டேஷனுக்கு எதுத்தாப்ல ஐகோர்ட்டு இருக்கு பாருங்க, அங்க எட்டரைக்கே போயி நிக்கறேன், யாரையும் காணோம். பதினொண்ணு வரைக்கும் நின்னேன். கிராணி அக்காவுக்கு போன் போட்டா, "அண்ணே ஜூம்ல நடக்குது, மேடம் உள்ளதான் இருக்காங்க, உங்ககிட்ட சொல்லலையா?" சொல்லல. காடிய நான் அவசரத்துல போட்ட எடத்துல மாநகராட்சி சம்மன் ஒட்டிட்டு போயிருந்தாங்க. மேடம் சாரி சொன்னாங்க, சம்மன் காச பில்லுல கழிச்சுக்கறேன்னாங்க, ஆனா பில்லு வந்தப்ப கழிக்கல, நானும் கேக்கல. பில்லு முழுக்க இங்கிலீஷு, எது எதுக்கு எவ்வளவுன்னு மகள் வந்து படிச்சு சொன்னா. போன் ஒம்பது தடவ அடிச்சா ஒரு தடவ எடுப்பாங்க. இதெல்லாம் சின்ன விஷயம்னு சொல்லுவாங்க, ஆறு மாசமா காசு வராதவனுக்கு போன் எடுக்காதது சின்ன விஷயம் இல்ல.

ஜட்ஜு ஆர்டர் குடுத்துட்டாரு, இடைக்கால ஆளே முழு மேனேஜர் ஆயிட்டாரு. நான் கொஞ்சம் ஒடஞ்சுதான் போனேன். மேடம், இதான் நமக்கு நல்லதுன்னாங்க, ஆர்டர் வந்தப்புறம் கோர்ட்டு அனுமதி மட்டும் இல்ல, மேனேஜரே ஒத்துக்கிட்டாலும் மெஷின எடுக்கலாம், வாதாட ஒரு கதவு போயி ரெண்டு கதவு ஆச்சு. அதோட மேனேஜர் புதுசா போடற ஒப்பந்தத்துக்கு, வேற மாதிரி எழுதலன்னா, அவரே சொந்தமா பொறுப்பு, அதனால அவரு யோசிச்சுத்தான் கையெழுத்து போடுவாரு, போட்டா குடுப்பாரு.

அடுத்த வாரம் மேனேஜர் ஆபிஸ்லேர்ந்து போன். மழை சீசன் வருது, கான் அடைச்சுக் கெடக்கு, செம்பனை குல ஏத்தற லோரி உள்ள வர முடியல, மெஷின் வேணும். புது ஒப்பந்தம், மாசம் 7,500, ஒவ்வொரு மாசம் 5ஆம் தேதி, ஒரு தேதி தப்பினாலும் நான் எடுத்துக்கலாம்னு மேடம் ஒரு வரி சேத்தாங்க, அந்த வரிக்கே 350 வெள்ளி தகும். பழைய 54,000? அது கடன் பட்டியல்ல போச்சு. மேனேஜர் 60 நாளுல திட்டம் எழுதி கடன்காரங்க கூட்டத்துல வைக்கணும், ஓட்டு போடறவங்க கடன் மதிப்புல 75 விழுக்காடு ஒத்துக்கணும், அங்க பேங்கு பெரிய யானை, நான் எறும்பு, இருந்தாலும் எவ்வளவு வரணும்னு கணக்கு பாரம் எழுதி குடுத்துட்டோம், கூட்டத்துக்கும் போவேன்.

அப்பீல் போட்டிருந்தா? மேடம் மொத்தமா என்கிட்ட வாங்குனது 1,450 வெள்ளி, பேச்சு, லெட்டர், விசாரணைக்கு நின்னது, ஒப்பந்தம் பாத்தது எல்லாம் சேத்து. ஈப்போ ஆளு கேட்டது 7,000. அந்த 800 இன்னும் வரல, போலீஸ் ரிப்போட்டு போட்டாச்சு.

யாருக்கு இந்த ஆபிஸ் சரி வரும்னா, பொறுமை உள்ளவங்களுக்கு, எனக்கு என்ன சான்ஸு இல்லன்னும் சேத்து சொல்லுங்கன்னு கேக்கறவங்களுக்கு. "நான் ஜெயிச்சு காட்றேன் சார்"னு கேக்க ஆசன்னா போகாதீங்க. பெரிய கம்பெனி கேஸுன்னா ஈப்போ, கேஎல் பெரிய ஆபிஸ் பாருங்க, அவங்களே அப்படித்தான் சொல்லுவாங்க. போகும்போது லெட்டரோட கவரையும் எடுத்துட்டு போங்க, என்னிக்கு வந்துச்சுன்னு தேதி சாப்பு அதுலதான் இருக்கும், நாளு எண்றதுக்கு அதுதான் முதல்ல கேப்பாங்க, நான் கவர தூக்கிப் போட்டுட்டு அரை நாளு குப்பத்தொட்டில தேடுனேன். காடி பசார் பக்கம் போட்டுட்டு நடந்து வாங்க, கடைக்கு முன்னாடி எடம் கெடைக்காது. கோப்பி குடிச்சிட்டே போங்க.

இந்த மாசம் 5ஆம் தேதி காசு ஏறிடுச்சு, காலைல பத்தரைக்கு. நேத்து அந்தப் பக்கம் போனப்ப கேட்டுல அதே நேப்பாளி தம்பி, கைய தூக்குனான். மெஷின் உள்ள ஓடுது, சத்தம் ரோட்டு வரைக்கும் கேக்குது. பில்லு பாக்கி குடுக்க மாடி ஏறுனேன், ஏர்கோன் இன்னும் ஒழுகுது, வாளி மட்டும் புதுசு, பச்சை கலரு.